கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனால் கடைக்காரர் சொல்வது ஒன்றும் புரிவதில்லை. எத்தனை ஜிபி என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதுமா?

போதாது.

இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கேள்வியை 2023 ஜனவரியில் நான் யாரிடமாவது வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு பங்குனி உத்திர வீடியோ பிழைத்திருக்கும். அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளம்.

நான் இருப்பது ரங்கூனில், தாம்வே பக்கம். சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா வீடியோ எடுப்பேன். மற்ற நாளில் ஜெராக்ஸும் லேமினேஷனும். பள்ளிக்கூடத்தில் படித்தது பர்மிய மொழி. தமிழ் படித்தது கோயிலில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "பர்மாவில் தமிழர்கள் இருக்கிறார்களா?" என்று கீழே கேட்க வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறோம், தாத்தாவுக்கு அப்பா காலத்திலிருந்து. அத்தோ எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

எதற்காக வாங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வீடியோ எடிட்டிங் என்று வைத்துக்கொள்கிறேன். பையன் கேம் விளையாடக் கேட்கிறான், வீட்டில் எடிட்டிங் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்றாலும் சரி.

2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்கிற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியது. அதுவரை கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக அடுக்கி, ராப்பகலாகக் கணக்குப் போடவிட்டு அந்த நாணயத்தைச் சம்பாதித்தவர்களுக்கு (இதைத்தான் தோண்டுவது, மைனிங் என்பார்கள்) அன்றோடு வேலை போயிற்று. கார்டுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். அடுத்த சில மாதங்களில் எங்கள் ஊர்க் கடைகளிலும் அந்த மாதிரிச் சரக்கு தெரிய ஆரம்பித்தது. என்னிடம் இருந்த பழைய கார்டில் ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆக, அதாவது எடிட் பண்ணியது முழு வீடியோவாக வெளியே வர, ஒரு ராத்திரி ஆகும். ஆசை வந்துவிட்டது.

கடைப் பையன் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தான். இரண்டும் ஏஎம்டி சிப் போட்டவை. ஒன்று வெறும் ஆர்எக்ஸ் 580, இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கியாட். இன்னொன்று ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி, இரண்டரை லட்சம். இரண்டும் 8 ஜிபி. எனக்கு ஒரே குழப்பம், நீளமான பெயருக்கு எப்படி விலை குறைவு? டீக்கடையில் ஸ்பெஷல் டீ என்றால் விலை கூடத்தானே? எஸ்பி என்றால் ஸ்பெஷல் என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். சிரிக்காதீர்கள். டிஐ, சூப்பர், எக்ஸ்டி என்று பெயருக்குப் பின்னால் எது ஒட்டினாலும் அது உசத்தி என்று அங்கே இங்கே கேட்டிருந்தேன். அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஒரே நம்பரில் டிஐ உள்ளது டிஐ இல்லாததைவிட மேல்தான்.

பையனிடம் "எஸ்பி?" என்று மட்டும் கேட்டேன். அவன் "ஸ்ட்ரீம் ப்ராசஸர்…" என்று ஆரம்பித்தான். பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். "தெரியும், தெரியும்" என்று தலையை ஆட்டி, பணத்தை எண்ணிக் கொடுத்தேன். நாற்பத்தாறு வயசில் அந்தத் தலையாட்டல்தான் நான் செய்த தப்பு. கடைக்காரனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அவன் சொல்லத்தான் வந்தான்.

முதல் வாரம் டிரைவரே, அதாவது விண்டோஸ் கார்டோடு பேச வேண்டிய மென்பொருளே, ஏறவில்லை. தோண்டுவதற்காகக் கார்டின் பயாஸை, கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி வைத்திருப்பார்களாம்; டிரைவர் அதைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளாதாம். ரிப்பேர் பார்க்கும் ஒரு சயா (வாத்தியார் என்று மரியாதையாகச் சொல்வது) பழைய பயாஸை ஏற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் விண்டோஸில் பெயர் அழகாக வந்தது: ரேடியான் ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி. அதை போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன், ஸ்பெஷல் என்று எழுதி.

இரண்டு மாதம் கழித்து ஜெராக்ஸ் எடுக்க வந்த கம்ப்யூட்டர் படிக்கிற பையன் ஒருவன் திரையைப் பார்த்துவிட்டு, "ஊலே, 570 வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டான். ஊலே என்றால் பர்மிய மொழியில் மாமா. அவனிடம் மட்டும் ஏனோ வெட்கப்படாமல் கேட்டேன். உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். இனி எழுதுவதில் பாதி அவன் சொன்னது.

எஸ்பி என்றால் ஸ்ட்ரீம் ப்ராசஸர். கணக்குப் போடுகிற சின்னச் சின்ன அலகுகள். 2017-ல் வந்த அசல் 580-ல் அவை 2304. 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கென்று வந்த இந்த வகையில் 2048, அதாவது 580-க்கு ஒரு படி கீழே உள்ள 570-ல் இருந்த அதே எண்ணிக்கை. ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. பெயரிலேயே உண்மையை எழுதி வைத்திருந்தார்கள். நான்தான் அதைப் புகழ் என்று வாசித்தேன்.

சரி, உங்கள் ஜிபிக்கு வருகிறேன். கோயில் அன்னதானம் பார்த்திருப்பீர்கள். ஜிபி என்பது கார்டின் மெமரி அளவு, அதாவது சோறு வைத்திருக்கும் அறையின் அளவு. அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாசல் குறுகலாக இருந்து, தூக்கி வருகிற பையன்கள் சோம்பேறியாக இருந்தால் பந்தியில் இலை காய்ந்துதான் கிடக்கும். அந்த வாசல்தான் பிட் என்று எழுதியிருப்பது: 64 பிட், 128 பிட், 256 பிட். பையன்களின் நடைதான் மெமரியின் வேகம், அதை ஜிபிபிஎஸ் என்று எழுதுவார்கள். அது மெமரியின் வகையைப் பொறுத்தது: டிடிஆர்4, ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6. பிட்டையும் ஜிபிபிஎஸ்ஸையும் பெருக்கி எட்டால் வகுத்தால் ஒரு விநாடிக்கு எத்தனை ஜிகாபைட் போய்வரும் என்று கிடைக்கும்.

உதாரணம் என்விடியாவின் ஜிடி 1030. 2017-ல் வந்தபோது ஜிடிடிஆர்5 மெமரி, 64 பிட், 6 ஜிபிபிஎஸ். 64-ஐ 6-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 48 ஜிகாபைட். அடுத்த வருஷம் அதே பெயரில், அதே 2 ஜிபியில், டிடிஆர்4 போட்டு ஒன்று வந்தது. அதில் 16.8 தான், மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இரண்டு பெட்டியிலும் கொட்டை எழுத்தில் இருப்பது 1030, 2 ஜிபி. நீங்கள் கேட்டபடி "எத்தனை ஜிபி" என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று.

ஜிடிஎக்ஸ் 1060 இன்னொரு வேடிக்கை. 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் 6 ஜிபியில் கூடா கோர், அதாவது கணக்குப் போடும் அலகு, 1280, 3 ஜிபியில் 1152. சமையல்காரர்களையும் குறைத்துவிட்டார்கள்.

கூடா கோர் என்விடியாவின் வார்த்தை, ஸ்ட்ரீம் ப்ராசஸர் ஏஎம்டியின் வார்த்தை. இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்காதீர்கள். அக்கா மகனிடம் ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது, அதில் 896 கோர்தான். என்னுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் அது என்னுடையதில் பாதி வேகத்தில் ஓடவில்லை, கிட்டத்தட்ட ஒட்டியே வருகிறது. ஒரே கம்பெனி, ஒரே தலைமுறை என்றால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

"எந்தக் கம்பெனி கார்டு?" என்று கேட்டால் இரண்டு பதில் வரும், அதிலும் குழம்ப வேண்டாம். சிப்பைச் செய்விப்பது என்விடியா, ஏஎம்டி மாதிரி ஆட்கள். அந்த சிப்புக்குத்தான் ஜிபியு என்று பெயர். அதை வாங்கி, போர்டில் பொருத்தி, ஃபேன் மாட்டி, பெட்டியில் போட்டு விற்பது ஆசஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் மாதிரி ஆட்கள். கடைகளில் இரண்டையும் சேர்த்து ஜிபியு என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். சில தமிழ்ப் பதில்களில் "வரைகலை முடுக்கி அட்டை" என்று எழுதுகிறார்கள். தமிழ் எனக்கும் பிடிக்கும். அதைச் சொல்லி ரங்கூனில் அல்ல, மதுரையிலேயே ஒரு கார்டு வாங்கிக் காட்டட்டும்.

"ஒன்பதில் ஒரு பங்கு போனதற்கா இவ்வளவு புலம்பல்?" என்று கேட்பீர்கள். அது போனால் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். நான் கேட்காமல் விட்ட இன்னொரு வார்த்தை வாட். கார்டு எவ்வளவு கரண்டு இழுக்கும் என்பதை டிடிபி என்று சொல்வார்கள். 580-க்கு அது 185 வாட். மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் 75 வாட்தான் கொடுக்கும். மிச்சம் பவர் சப்ளையிலிருந்து தனி வயரில் வர வேண்டும். 6 பின் வயர் என்றால் 75, 8 பின் என்றால் 150. என் பழைய சப்ளையில் இருந்தது ஒரே ஒரு 6 பின். கார்டு கேட்டது 8 பின். ஹார்டு டிஸ்குக்குப் போகிற பழைய நாலு பின் வயரிலிருந்து 8 பின்னாக மாற்றும் அடாப்டர் சல்லிசாகக் கிடைத்தது. மாட்டினேன். ஓடியது. எங்களிடம் ஒரு பழக்கம், ஓடினால் சரி.

அந்த வருஷம் எங்கள் பகுதியில் கரண்டு நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும். வருகிற நாலு மணியிலும் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், லைட்டைப் பார்த்தாலே தெரியும். அதற்குள் ரெண்டர் முடிய வேண்டும் என்று கார்டை முழு மூச்சாக ஓடவிடுவேன். பங்குனி உத்திரம் முடிந்த மூன்றாம் நாள், தீமிதி பாகம் ஓடிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாசனை. அடாப்டர் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதே வயரில் தொங்கிய ஹார்டு டிஸ்க்கும் போனது. கேமரா மெமரி கார்டுகளை அடுத்த நாள் கல்யாணத்துக்காக ஏற்கெனவே அழித்திருந்தேன். காவடி, பால்குடம், தீமிதி எல்லாம் அந்த டிஸ்கில்.

காப்பி எடுத்து வைக்காதது என் தப்பு, தெரியும், யாரும் வந்து எழுத வேண்டாம்.

திருவிழாக் கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. இந்த வீடியோ போனதை மூன்று மாதம் டீக்கடை டீக்கடையாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷ வீடியோவுக்கு மிச்சப் பணம் இன்னும் தரவில்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த வீடியோவில் உபயதாரர் பெயர் வரிசையை நாலு தடவை மாற்றச் சொன்னார்கள். யார் பெயர் யாருக்கு மேலே என்று. நாலு தடவையும் முழுசாக ரெண்டர் பண்ணினேன், அந்தப் பழைய கார்டில், ராத்திரி ராத்திரியாக. சரி, அது வேறு கதை.

தோண்டப் பயன்பட்ட கார்டெல்லாம் குப்பை என்று நான் சொல்லவில்லை. நல்ல 550 வாட் சப்ளை வாங்கி மாட்டிய பிறகு அதே கார்டு இன்றுவரை ஓடுகிறது. ஏஎம்டி ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் கரண்டு போனால் இன்வெர்ட்டரில் அதைத் தாங்க முடியவில்லை. அக்கா மகனின் 1650 மொத்தமே 75 வாட், அவன் வாங்கியதில் தனி வயரே கிடையாது, ஸ்லாட் கொடுப்பதே போதும். இருட்டிலும் அவன் எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறான். அந்த 1650-லும் ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6 என்று இரண்டு உண்டு, பார்த்து வாங்குங்கள். சில கம்பெனி மாடல்களில் 6 பின் வயரும் கேட்கும்.

செகண்ட்ஹாண்ட் என்றால் கடையிலேயே மாட்டச் சொல்லி ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். ஷேடர்ஸ் என்ற இடத்தில் கோர் எண்ணிக்கை, பக்கத்தில் மெமரி வகை, பிட், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். பழைய ஜிடிஎஸ் 450-ஐ பயாஸ் மாற்றி 1050 டிஐ என்று விற்ற கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. 2018-லிருந்து அந்த மென்பொருள் அப்படிப்பட்ட என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்து, போலி என்று பெயரோடு சேர்த்தே காட்டும். கடைக்காரர் திறக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பின்னால் யார் நின்றாலும் நிற்கட்டும்.

உங்கள் மதர்போர்டு எது, பவர் சப்ளை எத்தனை வாட், அதில் எத்தனை பின் வயர் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். இப்போது போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன், சார்ஜ் பதினொரு சதவீதம். இன்றைக்கு எங்கள் முறை ராத்திரி ஒன்பதுக்கு, வந்ததும் பார்க்கிறேன்.