மண்வாசனையைக் குப்பியில் பிடிக்க முடியுமா?

முதல் மழையில் எழும் மண்வாசனையை அத்தராக வடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் தலைமுறைகளாக வடிக்கிறார்கள். பெயர் 'மிட்டி அத்தர்'. இந்த வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே கன்னோஜில் அது விற்பனையில் இருந்தது.

காய்ந்த களிமண்ணைச் சுட்டு, 'தேக்' என்னும் செப்பு அண்டாவில் தண்ணீரோடு போடுவார்கள். மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்துவிட்டுக் கீழே நெருப்பு மூட்டுவார்கள். நீராவி மூங்கில் குழாய் வழியே 'பப்கா' என்ற செப்புக் குடத்துக்குப் போகும். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் அந்தக் குடத்தில் ஏற்கெனவே சந்தன எண்ணெய் இருக்கும். ஆவி குளிர்ந்து நீராகும்போது வாசனையை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அடியில் தேங்கிய நீரை வெளியேற்றிவிடுவார்கள். சூட்டைத் தொட்டுப் பார்த்தே கணிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கைப்பழக்கம்தான்.

சரி, வாங்குவதென்றால் ஒன்று கவனியுங்கள். சந்தன எண்ணெய் விலை ஏறிவிட்டதால் பலர் பாரஃபின் எண்ணெயில் இறக்குகிறார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.