வெள்ளித் தண்ணீர் குடிக்கலாமா?

கேள்வி: எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமியைக்கூட நானோ துகள் கொன்றுவிடும் என்கிறார்களே, மாத்திரை செய்ய முடியாததை அது மட்டும் எப்படிச் செய்யும் மேடம்?

பதில்: மருந்து ஏன் தோற்கிறது என்பதிலிருந்து வருவோம். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவில் ஏதோ ஓர் இடத்தைக் குறிவைப்பவை. பெனிசிலின், செல்சுவரைக் கட்டும் என்சைமைப் பிடிக்கும். உடனே கிருமி அந்தப் பெனிசிலினை உடைக்க ஒரு என்சைம் வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் உள்ளே வந்த மருந்தைப் பம்ப் செய்து வெளியே தள்ளும். நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள், ஓரிடத்தோடு நிற்காது. துகளிலிருந்து கசியும் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்கள்) கிருமியின் சவ்வைக் குலைக்கும், புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்கும். நாலு பக்கமும் அடி விழுந்தால் ஒரே ஜீன் மாற்றத்தில் தப்பிப்பது கஷ்டம்.

கஷ்டம் என்றுதான் சொன்னேன். 1970-களிலேயே பாஸ்டனில் ஒரு தீக்காய வார்டில் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்புக்கு மசியாத சால்மோனெல்லா பாக்டீரியா பரவியது. அந்தத் திறனைத் தந்த ஜீன்கள் பிளாஸ்மிட்டில் இருந்தன. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடிய டிஎன்ஏ வளையம் அது. 2018-இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். நானோ வெள்ளியில் திரும்பத் திரும்ப வளர்க்கப்பட்ட ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, தன் நீந்தும் இழையின் புரதத்தை வெளியே விட்டு, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரட்டிவிட்டது. ஜீன் மாற்றம்கூடத் தேவைப்படவில்லை. திரண்ட பிறகு நானோ ஏது?

கேள்வி: அப்படியானால் ‘நானோ வெள்ளி’ என்று பாட்டிலில் விற்பதைத் தினமும் கொஞ்சம் குடித்தால் எதிர்ப்பு சக்தி வருமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வெள்ளி தோலில் படிந்து சாம்பல் நீலமாக்கிவிடும். அர்ஜிரியா என்று பெயர், அந்த நிறம் பெரும்பாலும் போகாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999-லேயே, கொலாய்டு வெள்ளி (திரவத்தில் மிதக்கும் நுண் வெள்ளித் துகள்) கலந்து கடையில் விற்கும் மருந்துகளைப் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று செய்து காட்டுவேன். சிட்ரேட் சேர்த்துத் தயாரித்த நானோ வெள்ளிக் கரைசல் நல்ல மஞ்சளாக, தெளிவாக இருக்கும். அதில் கொஞ்சம் உப்புநீர் விட்டால் மஞ்சள் போய்ச் சாம்பலாகும், அப்புறம் அடியில் வண்டல் தங்கும். நம் ரத்தமும் உப்புநீர்தானே! போதாததற்கு அதிலுள்ள புரதங்கள் வேறு துகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொன்றது, உடம்புக்குள் போனால் வேறு பொருளாகிவிடுகிறது. விளம்பரத்தில் போடும் சதவீதம் எல்லாம் தட்டுக் கணக்கு.

கேள்வி: பின்னே நானோவில் உருப்படியாக எதுவும் வரவில்லையா?

பதில்: வந்திருக்கிறது, ஆனால் உடம்புக்குள் போய்க் கொல்லும் வேலைக்கு அல்ல, மருந்தைச் சுமக்கும் வேலைக்கு. அமிகாசின் பழைய ஆன்டிபயாடிக். ஊசியாகப் போட்டால் காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதையே லைப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து, மூச்சோடு உள்ளிழுக்கும்படி செய்தார்கள். மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகைக் கிருமி நுரையீரலில் தங்கி, 6 மாதச் சிகிச்சைக்கும் போகாதவர்களுக்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தக் கிருமி நம் வெள்ளையணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். வெள்ளையணு குமிழை விழுங்க, மருந்து சரியாக அங்கேயே போய்ச் சேருகிறது. என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. சிள்வண்டின் இறகில் நானோ அளவில் கூம்புகள் வரிசையாக நிற்கின்றன. அதில் உட்காரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் சவ்வு இழுபட்டுக் கிழிந்துவிடும் என்று 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இறகின் மேல் தங்கம் பூசிப் பார்த்தும் கிருமி செத்தது. அதாவது ரசாயனம் அல்ல, வடிவம். தடித்த சுவருள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் மட்டும் தப்பித்துக்கொண்டது. உடலில் பொருத்தும் டைட்டானியத்தில் இதே மாதிரி மேற்பரப்பை உருவாக்கிப் பார்க்கிறார்கள்.

கேள்வி: அப்பாவின் சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் நிறைய ‘ஆர்’ இருக்கிறது. நானோ சிகிச்சை எங்கே கிடைக்கும்?

பதில்: அதைத் தேடி அலையாதீர்கள். ‘ஆர்’ என்றால் அந்த மருந்து கேட்காது, ‘எஸ்’ என்றால் கேட்கும். அதே தாளில் ‘எஸ்’ என்று எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். தாளை முழுசாக எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல், எரிச்சல் எதுவுமே இல்லாமல் சும்மா எடுத்த கல்ச்சர் என்றால் அதையும் சொல்லுங்கள். பல நேரம் அதற்கு மருந்தே தேவைப்படாது.