மாற்றுத்திறனாளி மகனைச் சில நாள் விட்டுவைக்க அரசு உதவியுள்ள இடம் உண்டா?

உங்கள் மகனுக்கு வயது 24, மூளை முடக்குவாதம். உங்களுக்கு அறுவை சிகிச்சை, பத்து நாள் அவரை யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு, ஆனால் சரியான பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். "ரெஸ்பைட் கேர்" (பராமரிப்பவருக்கு இயலாதபோது சில நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வது) என்று நம் அலுவலகங்களில் கேட்டால் விழிப்பார்கள். "சமர்த்" என்று கேளுங்கள்.

1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் திட்டம் அது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான். ஆதரவற்றோர், நெருக்கடியில் உள்ள குடும்பங்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கானது. இல்லத்தை அரசு நேரடியாக நடத்துவதில்லை; டிரஸ்ட்டில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. அதனால் இடம் காலியா என்பதை இல்லத்திடமே கேட்க வேண்டும். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), வருமானச் சான்று, மருந்துச் சீட்டு கையோடு இருக்கட்டும்.

அறுவை சிகிச்சைத் தேதிக்கு முன்பே ஓர் இரவாவது அங்கே தங்கவைத்துப் பாருங்கள். எப்படிச் சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஃபைலைவிட அந்தத் தாள்தான் உதவும்.

அதே டிரஸ்ட்டின் 'நிராமயா' திட்டம் பற்றியும் சொல்வார்கள். அது 1 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு, தங்கும் செலவுக்கு அல்ல. இல்லம் அமையாவிட்டால்? தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை, 2023 முதல் மாதம் 2,000 ரூபாய், கடும் பாதிப்புள்ளவர்களுக்கு உண்டு. வாங்கவில்லையென்றால் அதே அலுவலகத்தில் மனு கொடுத்துவிடுங்கள். முழுநேர ஆள் வைக்க அது போதாது. பகலில் சில மணி நேரத்துக்குத் தெரிந்த ஒருவரை அழைக்கலாம்.