வீடற்ற முதியோருக்கு மாநகராட்சிக் கட்டடம்: மனுவில் என்ன கேட்பது?

கேள்வி: மதுரையில் சிம்மக்கல் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடம் ஒன்று பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. வடக்கு மாசி வீதியில் கடை அடைத்ததும் வாசல்களில் வயதானவர்கள் வந்து படுக்கிறார்கள். அதில் ஓர் ஆத்தாவுக்குக் காலில் ஆறாத புண். பெரியாஸ்பத்திரியில் (அரசு ராஜாஜி மருத்துவமனை) சேர்த்துவிட்டோம். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே வாசலுக்கு வந்துவிட்டார். அந்தக் கட்டடத்தை இவர்கள் தங்கவும் வைத்தியம் பார்க்கவும் தரும்படி மனுக் கொடுக்க நினைக்கிறோம். மாநகராட்சியால் முடியுமா? தெருவில் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

பதில்: முடியும். வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் அமைப்பது நகர உள்ளாட்சிகளின் பொறுப்பு. லட்சம் பேருக்கு ஒன்று வீதம், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்று 2010ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 வரை நடந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறையும் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் இடம் என்றுதான் கணக்குச் சொன்னது. ஆளுக்கு 50 சதுர அடி. முதியோருக்கெனத் தனி இடம் ஒதுக்கவும் அதில் வழி இருந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை.

ஆனால் மனுவில் 'தங்குமிடம் வேண்டும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஆத்தாவின் கதையையே பாருங்கள். ஆஸ்பத்திரி தன் வேலையைச் செய்தது: புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, 'தினமும் கட்டு மாத்தணும், காலை நனைக்கக் கூடாது' என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்தது. மாசி வீதி வாசலில் படுப்பவர் இதில் எதைச் செய்ய முடியும்? சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எழுதிக் கொடுத்தால் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி எங்கே? கண்புரை அறுவை சிகிச்சையை அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்; அதன்பின் வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும், கண்ணில் தூசி படக் கூடாது. இடுப்பெலும்பு முறிந்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீடு இல்லாதவருக்குச் சிகிச்சை பாதியில் நின்று நோய் திரும்புவது இந்த இடத்தில்தான்.

மாநகராட்சித் தங்குமிடம் என்றால் பொதுவாகக் கூரை, பாய், கழிப்பறை, ஒரு பராமரிப்பாளர். தானாக எழுந்து நடப்பவருக்கு அது போதும். முதியோர் இல்லங்களோ படுக்கையில் கிடப்பவரைச் சேர்க்கத் தயங்குகின்றன. தங்குமிடம் மாநகராட்சியின் கையில், முதியோர் இல்லம் சமூக நலத் துறையின் கையில், பெரியாஸ்பத்திரி சுகாதாரத் துறையின் கையில். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் உங்கள் ஆத்தா விழுந்தார். நீங்கள் கேட்க வேண்டியது அந்த இடைவெளியை அடைக்கும் இடம்: டிஸ்சார்ஜ் ஆனவர் உடம்பு தேறும்வரை இருக்கப் படுக்கை, அதோடு சேர்ந்தே நிரந்தரமாகத் தங்க அறைகள்.

கட்டடத்தைவிடச் சம்பளத்தில்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் படுத்துவிடுகின்றன. வெள்ளையடித்து, கட்டில் போட்டு, நாடா வெட்ட ஒரே ஒருமுறை பணம் போதும். செவிலியருக்கு மாதாமாதம் வேண்டும். ஆகவே மாநகராட்சி மன்றத் தீர்மானத்தில் ஆண்டுச் செலவு தனியாக எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பகலில் ஒரு செவிலியர், குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் மூன்று ஷிப்டிலும் உதவியாளர்கள், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவர், இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். இவை எழுத்தில் இல்லாமல் சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், பட்ஜெட் தயாராவதற்கு முன்பே, டிசம்பருக்குள் மனு போய்ச் சேர்ந்தால் நல்லது.

கட்டடம் விஷயத்தில், தரைத்தளமாக இருக்கட்டும். சாய்தளம், கைப்பிடி, உட்காரும் வகைக் கழிப்பறை அவசியம். தம்பதிகளுக்கு ஓர் அறையாவது கேளுங்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பிரித்தால், ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரிவதைவிடத் தெருவே மேல் என்று திரும்பிவிடுவார்கள். அதில் அவர்கள் மேல் தப்பில்லை. உங்கள் கட்டடத்துக்கு இன்னொரு பலம், அது இருக்கும் இடம். ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் யாரும் தங்க மாட்டார்கள். கோயில் அன்னதானம், பழகிய டீக்கடை, பேர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேர் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. வைகை மேலுள்ள ஏ.வி. பாலம் தாண்டினால் பெரியாஸ்பத்திரி.

எதிர்க்கிறவர்களிடம் சண்டை போடாதீர்கள். 'நோய் பரவும்' என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் பயம். சேர்க்கும் முன் சளிப் பரிசோதனை, காசநோய் இருந்தால் மருந்து தொடங்கித் தொற்று அடங்கும்வரை தனி அறை என்று மனுவிலேயே எழுதிவிட்டால் அதற்குப் பதில் சொல்லியாகிவிடும். இன்றைக்கு அந்த ஆட்கள் எந்தச் சோதனையும் இல்லாமல் அதே தெருவில்தான் இருக்கிறார்கள் என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மனு யாருக்கு? கமிஷனருக்கு ஒன்று, நகல் நகர்நல அலுவலருக்கும் கவுன்சிலருக்கும். உங்கள் வார்டின் பகுதி சபை (பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) கூடும்போது கோரிக்கையாகப் பதிவு செய்யுங்கள். கலெக்டரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இன்னொரு மனு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 19, மாவட்டத்துக்குக் குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லம் பற்றிப் பேசுகிறது, அதைக் குறிப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டடம் வர நாளாகும். ஆத்தாவுக்கு இப்போதே செய்யக்கூடியவை உண்டு. 14567 முதியோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அவரிடம் ஆதார் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழை வைத்து எடுக்கலாம். ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு, அப்புறம் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம். பிள்ளைகள் இருந்து கைவிட்டிருந்தால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். அவரால் முடியாவிட்டால், அவர் அதிகாரம் அளித்து நீங்களே அவருக்காக மனுச் செய்யலாம். ஆனால் அவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். மகன் பெயரைச் சொல்லவே விரும்பாத தாய்மார்கள் நிறையப் பேர்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால், டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் முன்பே வார்டு மருத்துவரிடம் இவருக்கு வீடு இல்லை என்று சொல்லி, அதைக் கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை உங்கள் மனுவோடு இணையுங்கள். ஆத்தாவிடம் சம்மதம் கேட்டு, அவர் பெயரை மறைத்துவிட்டு.