மருத்துவ அழைப்புக்கு ஏன் இத்தனை வண்டிகள்? – கேள்வி பதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 911-ஐ அழைத்து மருத்துவ உதவி கேட்டால், ஆம்புலன்ஸோடு தீயணைப்பு வண்டியும், சில வேளைகளில் மேற்பார்வையாளரின் காரும் சேர்ந்து வருகின்றன. இது தேவைதானா என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். அவசர அழைப்புகளைப் பெற்று வண்டிகளை அனுப்பும் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி): ஐயா, என் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தபோது 911-ஐ அழைத்தோம். முதலில் வந்தது தீயணைப்பு வண்டி. நான்கு பேர் பூட்ஸ் காலோடு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்து அவர் மேலும் பயந்துவிட்டார். நெருப்பே இல்லாத வீட்டுக்குத் தீயணைப்பு வீரர்கள் எதற்கு?

பதில்: அம்மா, அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருந்த, முதலுதவிப் பயிற்சியும் கருவியும் கொண்ட ஆட்கள் அவர்களாக இருந்திருப்பார்கள். தீயணைப்பு நிலையங்கள் நகரம் முழுவதும் ஓர் ஒழுங்கோடு பரப்பி அமைக்கப்பட்டவை. ஒரு வீடு தீப்பற்றினால் சில நிமிடங்களுக்குள் முதல் வண்டி அங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கில்தான் ஒவ்வொரு நிலையத்துக்கும் இடம் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 2001-இல் வெளியிட்ட 1710 என்ற தரநிலை, முதலுதவியாளர், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவியான டிஃபிப்ரிலேட்டரோடு 4 நிமிடப் பயணத்துக்குள் நோயாளியை அடைய வேண்டும் என்றும், உயர்நிலைச் சிகிச்சை தரும் குழு 8 நிமிடப் பயணத்துக்குள் வர வேண்டும் என்றும் குறிக்கோள் வைத்தது. ஆம்புலன்ஸ்களுக்கு இப்படி நிலையான இருப்பிடம் இருந்தாலும் அவை அங்கே இருப்பது அரிது. ஒரு நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைக்கப் படுக்கைக்காகக் காத்து நிற்கும். அல்லது நகரின் மறு கோடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டட விதிகளும் புகை எச்சரிக்கைக் கருவிகளும் வந்த பிறகு தீ விபத்துகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இன்று அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கானவை. உண்மையான தீ விபத்துகள் சுமார் 4 சதவீதம் மட்டுமே. அதற்காகத் தீயணைப்பு நிலையங்களை மூடிவிட முடியாது. அடுத்த தீ எங்கே பற்றும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே காத்திருக்கும் அந்த ஆட்களை அருகிலுள்ள நோயாளிக்கு அனுப்புவது, என் பார்வையில், சரியான ஏற்பாடு.

கேள்வி: ஆம்புலன்ஸில் பயிற்சி பெற்ற இருவர் வருகிறார்கள். ஒரு நோயாளிக்கு அது போதாதா?

பதில்: பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதும். இதயம் நின்றுபோனவருக்குப் போதாது.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பன்னிரண்டாம் தளத்தில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்துவதற்கு அந்த இடுக்கில் முழங்காலிட முடியாது. மெத்தை மீது கிடத்தி அழுத்தினால் அழுத்தம் மெத்தைக்குள் போய்விடும். முதல் வேலையே அவரைக் கூடத்தின் தரைக்கு இழுத்து வருவது. பிறகு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிறுத்தாமல் அழுத்த வேண்டும். நல்ல உடல்வலு உள்ளவருக்கும் இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்து அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் மாறுவதற்குத் தயாராக எதிர்ப்பக்கம் அமர்ந்திருப்பார். மூன்றாமவர் முகமூடியும் பையும் கொண்டு மூச்சுக் கொடுப்பார். நான்காமவர் டிஃபிப்ரிலேட்டரின் பட்டைகளை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்ப்பார். ஐந்தாமவர் ரத்தக் குழாயில் ஊசி ஏற்றி மருந்து செலுத்துவார். ஆறாமவர் நேரம் பார்த்துக் குறித்து, எப்போது மாற வேண்டும் என்று குரல் கொடுத்து, வாசலில் நிற்கும் மனைவியிடம் என்ன மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார் என்று கேட்பார். தீயணைப்பு வண்டியில் நால்வர், ஆம்புலன்ஸில் இருவர். ஆறு பேருக்கும் வேலை இருக்கிறது. பிறகு ஸ்ட்ரெச்சரை லிஃப்ட்டுக்குள் நுழைத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸ் புறப்பட்டால் இருவரில் ஒருவர் வண்டி ஓட்டப் போய்விடுவார். பின்னால் மிஞ்சுபவர் ஒருவரே என்பதால் தீயணைப்பு வீரர் ஒருவரும் உடன் ஏறிக்கொள்வார்.

இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றவருக்கு, நெஞ்சழுத்தமும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. முதலில் வரும் வண்டியின் நிறம் எதுவாக இருந்தாலும் அது விரைவில் வருவதே முக்கியம்.

கேள்வி: ஆட்கள்தான் தேவை என்றால் அந்த நால்வரும் ஒரு சிறிய காரில் வரலாமே? அவ்வளவு பெரிய வண்டி எதற்கு?

பதில்: அவர்கள் உங்கள் வீட்டில் இருக்கும்போதே பக்கத்துத் தெருவில் தீப்பிடித்தால், குழாயும் தண்ணீரும் பம்பும் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. நிலையத்துக்குத் திரும்பி வண்டியை எடுத்துப் போவதற்குள் பல நிமிடங்கள் போய்விடும். வண்டியும் ஆட்களும் பிரியாமல் இருப்பது அதற்காகவே. அழைப்புகள் மிகுந்த இடங்களில் இருவரை மட்டும் தனியே சிறிய வண்டியில் அனுப்பும் ஏற்பாட்டைச் சில துறைகள் செய்திருக்கின்றன. அதற்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும்.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து வரி செலுத்துவோர் ஒருவர்): நீங்கள் சொல்வது இதயம் நின்றவருக்குப் பொருந்தலாம். கால் சுளுக்கியவருக்கும் மூன்று வண்டிகள் சைரனோடு வருவதைக் கண்ணால் பார்க்கிறேன். தீயணைப்புத் துறைகள் தங்கள் ஆள்பலத்தை நியாயப்படுத்த அழைப்பு எண்ணிக்கையை ஏற்றிக்காட்டுகின்றன என்று நினைக்கிறேன்.

பதில்: உங்கள் சந்தேகத்தை ஒதுக்கிவிட மாட்டேன். அழைப்பு எண்ணிக்கையைக் காட்டி நிதி கேட்கும் வழக்கம் இருக்கிறது; எந்த அழைப்பானாலும் எல்லா வண்டியும் போகட்டும் என்ற பழக்கத்தை மாற்றத் தயங்கும் ஊர்களும் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. அதனால் உயிர் போகக்கூடும் என்பதால் அதை வெளிப்படையாகவே எதிர்க்கிறேன்.

சுளுக்கு அழைப்புக்குப் போன வண்டி அந்த அரை மணி நேரத்துக்குத் தன் பகுதியில் இல்லை. அப்போது அங்கே ஒருவருக்கு மூச்சு நின்றால் அடுத்த பகுதியிலிருந்து வண்டி வர வேண்டும். சுளுக்கியவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது எதுவும் இல்லை. மூச்சு நின்றவர் இழந்தது நிமிடங்களை. அதோடு, பல டன் எடையுள்ள வண்டி சிவப்பு விளக்கைக் கடந்து விரையும் ஒவ்வொரு முறையும் அதில் இருப்பவருக்கும் சாலையில் போகிறவருக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் 911 அழைப்புகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, சைரனோடு ஆம்புலன்ஸ் போன அழைப்புகளில் உயிர்காக்கக்கூடிய சிகிச்சை உண்மையில் தேவைப்பட்டவை 7 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டது. மறு ஆண்டு அந்நாட்டின் அவசர மருத்துவ அமைப்புகள் பல சேர்ந்து, அழைப்புக்குப் போகும்போது சைரன் பயன்பாட்டை 50 சதவீதத்துக்குக் கீழாகவும், நோயாளியோடு மருத்துவமனைக்குப் போகும்போது 5 சதவீதத்துக்குக் கீழாகவும் குறைக்க வேண்டும் என்று கூட்டறிக்கை வெளியிட்டன. வண்டிகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும் என்று நானும் கருதுகிறேன். இரண்டாவது வண்டி தேவைப்படும் பல இடங்களுக்கு அது சைரன் இல்லாமலே போகலாம்.

கேள்வி: எல்லா வண்டியிலும் உயர்நிலைப் பயிற்சி பெற்ற அவசர மருத்துவப் பணியாளர்களை, அதாவது பாராமெடிக்குகளை, ஏற்றிவிட்டால் பிரச்சினை தீராதா?

பதில்: தீராது. ஒன்டாரியோ மாகாணத்தில் இயன் ஸ்டீல் தலைமையில் நடந்த ஓபல்ஸ் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதலில், டிஃபிப்ரிலேட்டர் 8 நிமிடத்துக்குள் நோயாளியை அடையும்படி ஏற்பாடுகளை விரைவுபடுத்தினார்கள்; அதில் தீயணைப்பு வீரர்களுக்கும் பங்கு இருந்தது. அந்த இலக்கை எட்டிய அழைப்புகள் சுமார் 77 சதவீதத்திலிருந்து 92 சதவீதத்துக்கு உயர்ந்தன. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்தோர் 3.9 சதவீதத்திலிருந்து 5.2 சதவீதமாயினர். அந்த முடிவு 1999-இல் வெளியானது. அதற்குமேல் உயர்நிலைச் சிகிச்சையையும் சேர்த்துப் பார்த்தபோது, இதயம் நின்றவர்கள் பிழைக்கும் வீதம் கூடவில்லை என்று 2004-இல் அறிவித்தார்கள். விரைவாக வரும் எளிய உதவிதான் பயன் தந்தது.

சியாட்டில் நகரத்தையும் அதைச் சூழ்ந்த கிங் கவுண்டியையும் பாருங்கள். 1970-இல் அங்கே தொடங்கிய மெடிக் ஒன் திட்டம் இரண்டு அடுக்குகளாக இயங்குகிறது: அடிப்படைப் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் முதலில் போவார்கள், பாராமெடிக்குகள் கடுமையான அழைப்புகளுக்கு மட்டும் போவார்கள். பாராமெடிக்குகளின் எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறார்கள். சிலரே இருந்தால் ஒவ்வொருவரும் கடுமையான நோயாளிகளை அடிக்கடி பார்ப்பார். கை பழகியே இருக்கும். பிறர் கண்முன்னே விழுந்து, மின் அதிர்ச்சியால் மீட்கக்கூடிய நிலையில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அங்கே உயிரோடு வீடு திரும்புகிறார்கள். பல வண்டிகளை அனுப்புவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. எல்லோரையும் எல்லாவற்றுக்கும் அனுப்பாமல் இருப்பதற்கும் இதுவே ஆதாரம்.

கேள்வி: எந்த அழைப்புக்கு எத்தனை வண்டி என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: பல நாடுகளில் பயன்படும் கேள்வி முறை, சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் 1970-களின் பிற்பகுதியில் உருவாக்கியது. முகவரி, என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று வரிசையாகக் கேட்டு, விடைகளைக் கொண்டு அழைப்பை, லேசான ஆல்ஃபா முதல் மிகக் கடுமையான எக்கோ வரை தரம் பிரிக்கிறோம். ஆல்ஃபாவுக்கு ஓர் ஆம்புலன்ஸ் போதும். எக்கோவுக்கு அருகில் யார் இருந்தாலும் போவார்கள். எந்தத் தரத்துக்கு எந்த வண்டிகள் என்பதை அந்தந்த ஊரின் மருத்துவ இயக்குநரும் துறைகளும் முடிவு செய்கிறார்கள். நாங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே சக பணியாளர் வண்டியை அனுப்பிவிடுவார். பிறகு கிடைக்கும் தகவலை வைத்துக் கூட்டுவதோ பாதி வழியில் திருப்புவதோ நடக்கும். திருப்பி அழைப்பதில் தயக்கம் கூடாது. நம் துறை பேசவேண்டிய அளவுக்குப் பேசாத வேலை அதுதான்.

கேள்வி (லண்டனிலிருந்து): இங்கே எங்களுக்குத் தீயணைப்பு வண்டி வந்ததே இல்லையே?

பதில்: தீயணைப்பு வண்டி வராவிட்டாலும் இங்கிலாந்திலும் ஒரே அழைப்புக்கு வண்டிகள் குவிந்தது உண்டு; அது வேறு காரணத்தால். 8 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு வண்டி போய்ச் சேர வேண்டும் என்ற இலக்கு இருந்தது. அதை எட்டுவதற்காக, நோயாளியை ஏற்றிச்செல்ல முடியாத கார் முதலில் போய் நிற்கும். ஆம்புலன்ஸ் வெகுநேரம் கழித்து வரும். வேறு சில வண்டிகள் புறப்பட்டுப் பாதியில் திரும்பும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையில் 1 கோடியே 40 லட்சம் அழைப்புகளுக்கு மேல் ஆராய்ந்த பிறகு 2017-இல் முறையை மாற்றினார்கள். உயிராபத்து இல்லாத அழைப்புகளில் நோயின் தன்மையை அறியக் கூடுதல் நேரம் தரப்பட்டது. உயிராபத்தானவற்றுக்கு மட்டும் சராசரி 7 நிமிடம் என்ற இலக்கு வந்தது.

கேள்வி (மதுரையிலிருந்து): இங்கே 108-ஐ அழைத்தால் ஒரு வண்டியில் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் வருவார்கள். அப்படியானால் எங்களுக்குக் குறையா?

பதில்: பிரசவம், சாலை விபத்து, காய்ச்சல் போன்றவற்றுக்கு அது சரியான ஏற்பாடு. இதயம் நின்றவருக்கு இரண்டு பேர் போதாது என்பது எங்கும் ஒன்றே. 2008-இல் தொடங்கிய அந்தச் சேவையின் வண்டி வந்து சேரும்வரை நெஞ்சை அழுத்தப் பக்கத்து வீட்டினர் நான்கு பேருக்குத் தெரிந்திருப்பது, இன்னொரு வண்டியைவிடப் பெரிய உதவி.

கேள்வி: தீயணைப்பு வண்டிக்கும் கட்டணம் வருமா?

பதில்: அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாறும், சில ஊர்கள் முதலுதவிக் கட்டணம் என்று வசூலிக்கின்றன. ஒன்டாரியோவில் மருத்துவக் காப்பீடு உள்ளவருக்கு, தேவையான ஆம்புலன்ஸ் பயணத்துக்கு 45 டாலர்.

கேள்வி: தேவையில்லாத வண்டிகள் வராமலிருக்க, அழைப்பவர் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

பதில்: உண்டு. பதற்றத்தில் “சீக்கிரம் வாருங்கள்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். எங்களுக்கு விடை கிடைக்காவிட்டால் மோசமானதை எண்ணி எல்லாவற்றையும் அனுப்புவோம். கேட்பதற்கு நேர்விடை சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் “டமில்” என்ற ஒரு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மிக முக்கியமாக, குறட்டை போல நீண்ட இடைவெளியில் இழுக்கும் மூச்சை “மூச்சு விடுகிறார்” என்று சொல்லிவிடாதீர்கள். அது இதயம் நின்றவரிடமும் சில நிமிடம் காணப்படும். ஒவ்வொரு இழுப்பையும் எங்களுக்குச் சொல்லுங்கள், இடைவெளியை நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். நெஞ்சை அழுத்தச் சொன்னால் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவர் கீழே போய் லிஃப்ட்டைப் பிடித்து வைத்திருக்கட்டும்.