வாங்காத காருக்கு ஒரு டெஸ்ட் டிரைவ்

கேள்வி: கார் ஷோரூமுக்கு வாடிக்கையாளர் மாதிரி போய், கவனிப்பு எப்படி என்று அறிக்கை எழுதும் 'மிஸ்டரி ஷாப்பர்' வேலை பார்த்ததாக முன்பு சொன்னீர்களே, அதற்கு நடிப்பு தெரிய வேண்டுமா?

பதில்: நடிப்பைவிட ஞாபகசக்திதான் முக்கியம். நுழைந்த எத்தனையாவது நிமிடத்தில் விற்பனையாளர் வந்தார், பழைய வண்டி பற்றிக் கேட்டாரா, டெஸ்ட் டிரைவுக்கு முன் லைசென்ஸைப் பார்த்தாரா, சீட் பெல்ட்டை நினைவூட்டினாரா, மறுநாள் போன் வந்ததா என்று கேள்வித்தாள் நீளும். அவர் எதிரில் குறிப்பெடுக்க முடியாது. நான் கழிவறைக்குள் போய் செல்போனில் எனக்கே மெசேஜ் அனுப்பிக்கொள்வேன். பொருள் வாங்காததால் ரசீது கிடையாது. விற்பனையாளரின் விசிட்டிங் கார்டுதான் போய்வந்ததற்குச் சாட்சி.

கதையைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எனக்கு மூன்று பிள்ளைகள் என்று அளந்துவிட்டேன். அந்த இளைஞர் பின்சீட்டை மடக்கி விரித்து, குழந்தை இருக்கை மாட்டும் கொக்கிகளைக் குனிந்து தேடிக் காட்டினார், வியர்க்க வியர்க்க. எனக்கு இருப்பது ஒரே பெண், கல்லூரியில் படிக்கிறாள். கமிஷனை நம்பியிருப்பவரின் ஒரு மணி நேரத்தைத் தின்றோமே என்று அன்று உறுத்தியது. சரி, அறிக்கையில் நல்லபடியாக எழுதினேன், நிஜமாகவே நன்றாகத்தான் செய்தார்.

அப்புறம், வேலை தருகிறோம், முதலில் பணம் கட்டு என்றாலோ, காசோலை அனுப்பி அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பச் சொன்னாலோ, அது மோசடி. பதிலே போடாதீர்கள்.