செகண்ட் ஹேண்ட் கார் எஞ்சின்: உங்கள் சந்தேகங்களும் பதில்களும்

கே: 2014 ஸ்விஃப்ட் டீசல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் சார். 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சின் தாங்குமா?

ப: கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின். இதே எஞ்சினோடு 2 லட்சத்தைத் தாண்டிய டிசையர்களை எந்த டாக்சி ஸ்டாண்டிலும் பார்க்கலாம். ஆனால் நேரத்துக்கு ஆயில் மாற்றியிருக்க வேண்டும். இதில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அந்த வேலைக்குச் செயின்தான், அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது, டர்போவுக்கும் அதே ஆயில்தான் போகிறது, அதனால் ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் இரண்டுமே அடிவாங்கும்.

காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது போங்கள். ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் கரகரவென்ற சத்தம் சில நொடிகளுக்கு மேல் நீடித்தால் அந்த வண்டி வேண்டாம். அப்புறம், எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கவிழ்த்து அந்த வாய் மேலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, டீசலில் அது இருக்கும். குபுகுபுவென்று புகை வந்து மூடியையே தள்ளினால் அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கும். எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கே: நான் போவதற்குள் ஓனர் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்துவிட்டார். சந்தேகப்படலாமா?

ப: தாராளமாக. ரிங் தேய்மானம், செயின் சத்தம், ஸ்டார்ட் ஆவதில் தகராறு எல்லாம் சூடான எஞ்சினில் அடங்கிவிடும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

கே: 9 வருட ஆல்டோ, மீட்டரில் 31,000தான். நம்பலாமா அண்ணா?

ப: பாட்டி கோயிலுக்கு மட்டும் ஓட்டிய வண்டி என்று எல்லா புரோக்கரும்தான் சொல்வார். வண்டி எண்ணை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள், மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் 31,000 பொய். உண்மையிலேயே குறைவாக ஓடியிருந்தாலும் வருடாவருடம் ஆயில் மாற்றிய பில் வேண்டும்.

கே: டஸ்டர் டீசல், 2015, டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை.

ப: அப்படியென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அந்த 1.5 டீசலில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினின் மேல் பாகமான சிலிண்டர் ஹெட் போய்விடும். கம்பெனி கையேட்டில் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்ற வேண்டும். வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டாம்.

கே: சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கும், சீட்டை பாலிஷ் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். நின்றதோடு போயிருந்தால்கூட எஞ்சினைக் காப்பாற்றியிருக்கலாம், தண்ணீரில் வைத்து ஸ்டார்ட் அடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். சந்தேகம் வந்தாலே விட்டுவிடுங்கள்.

கே: தினமும் 6 கிலோமீட்டர் ஆபீஸ் போக பிஎஸ்6 டீசல் எடுக்கலாமா?

ப: வேண்டாம். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் சைலன்சர் பக்க வடிகட்டியான டிபிஎஃப் சூடாகி அந்தக் கரியை எரிக்க நேரமே கிடைக்காது, அடைத்துக்கொள்ளும், கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலும் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். பெட்ரோல் பாருங்கள்.